அக்கா வெட்டச் சொன்ன இடங்கள்

என் அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். நடுவில் போனில் யாருக்காவது பதில் சொல்வாள். தட்டு காலியான பிறகுதான் உப்பு குறைவு என்று ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பம்பரம் டீச்சர். அது காதில் விழுந்தால் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "சரியாத்தான் வச்சிருக்குதுங்க. நின்னா விழுந்துருவேன்ல" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். எனக்குத் திக்குவாய் எல்லாம் கிடையாது. பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தை அக்கா எனக்குக் கொடுத்ததே இல்லை. சின்ன வயதிலிருந்து என் வாக்கியங்களில் பாதியை அவள்தான் முடித்து வைத்திருக்கிறாள். "எனக்கு அந்த..." என்று ஆரம்பித்தால், "பச்சை சட்டை வேணும், அதானே? துவைக்கப் போட்டிருக்கு" என்பாள். நான் கேட்க வந்தது பச்சைச் சட்டையே இல்லை. அதைச் சொல்வதற்குள் அவள் அடுத்த அறையில் இருப்பாள். எரிச்சலாக வரும், இன்றும் வருகிறது. இதை எழுதுவதில் எனக்குள்ள பெரிய சந்தோஷமே, நடுவில் அவளால் புகுந்து பேச முடியாது என்பதுதான்.

ஆனால் டீச்சர் என்று எடுத்துக்கொண்டால் அவளைக் குறை சொல்ல முடியாது. நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லோரையும் போலப் புத்தகத்தை விரித்து வாசித்து, முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடச் சொல்லி, இந்தக் கேள்விக்கு இந்தப் பத்தி, அந்தக் கேள்விக்கு அந்தப் பத்தி என்று காட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். "எனக்கே கொட்டாவி வருதுடி. அதுங்க பாவம் இல்லையா?" என்று ஒருநாள் வீட்டுக்கு வந்து புலம்பினாள். மறுநாள் வகுப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "வெயில்ல போட்ட துணி காயுது, சரி. நிழல்ல போட்ட துணி எப்படிக் காயுது?" என்று கேட்டிருக்கிறாள். அன்று மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தானுக்கு அதே கேள்வியைப் போட்டாள், பால்காரரை நிறுத்திக் கேட்டாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் என் அக்காவே இல்லை. மற்ற டீச்சர்களும் இப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று ஆரம்பித்தாள். ஆசிரியர் அறையில் யாரும் காது கொடுக்கவில்லை. "உனக்கு வேற வேலை இல்லையா" என்று ஒருவர், "சிலபஸை யாரு முடிக்கிறது" என்று இன்னொருவர். இவளுக்குக் கை பரபரத்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, வகுப்பின் பின்பக்க அலமாரி மேல் கேமராவை வைத்துத் தன் வகுப்பைத் தானே படம் பிடித்தாள். முதல் படம், இன்னொரு பிரிவில் கேட்ட அதே துணிக் கேள்வி. "பக்கத்து நாற்காலிக்காரி கேக்க மாட்டா. எங்கேயோ இருக்குற ஒருத்தி கேப்பா" என்று இணையத்தில் ஒரு சேனல் தொடங்கினாள். பெயர், 'ஒரு கேள்வி போதும்.'

என் தொழில் வீடியோ எடிட்டிங். பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை, இரண்டு திரை, கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி, வாடிக்கையாளர் உட்கார ஒரு நாற்காலி. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தும்முவதை எடுத்துவிட்டுப் பாட்டுச் சேர்ப்பது மாதிரியான வேலைகள். அக்கா ஒருநாள் வந்தாள். 'செய்து தருவாயா' என்று கேட்கவில்லை. மெமரி கார்டை மேஜை மேல் வைத்து, "சனிக்கிழமைக்குள்ள" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து நான் அந்தச் சேனலின் எடிட்டர்.

முதல் வீடியோக்களை எடுத்தபடியே போட்டோம். பார்த்தவர்கள் அத்தானும் அத்தானின் அலுவலக நண்பர்கள் சிலரும்தான். அந்த இணையதளத்தில் ஒரு வரைபடம் காட்டுவார்கள். வீடியோவின் எந்த இடம்வரை எத்தனை பேர் கூடவே இருந்தார்கள், எந்த இடத்தில் எழுந்து ஓடினார்கள் என்று ஒரு கோடு சொல்லும். அக்கா கேள்வி கேட்டு, வகுப்பு அமைதியாகும் இடங்களில் எல்லாம் அந்தக் கோடு தொப்பென்று விழுந்திருந்தது. அவள் அதைத் தன்னை அவமானப்படுத்தியதாகவே எடுத்துக்கொண்டாள்.

"பாரு, இங்க போயிட்டாங்க. இங்கயும் போயிட்டாங்க. எல்லாரும் சும்மா உக்காந்திருக்குறதை யாருடி பாப்பாங்க? வெட்டு."

"அது பசங்க யோசிக்கிற..."

"யோசிக்கிறது நமக்குத் தெரியுது, பாக்குறவங்களுக்குத் தெரியுமா? வெட்டு."

வெட்டுவது சுலபம். எடிட்டிங் திரையில் சத்தம் மேடு மேடாகத் தெரியும். யாரும் பேசாத இடம் தட்டைக் கோடாக இருக்கும். தட்டையைத் தூக்கிவிட்டு இரண்டு மேட்டையும் ஒட்டவைத்தால் முடிந்தது. அக்காவின் கேள்வி முடிந்த கையோடு ஒரு பிள்ளையின் பதில் வந்து நிற்கும். நானும் அதைக் குப்பை என்றுதான் நினைத்தேன். தும்மும் மாப்பிள்ளையை எடுத்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஏற்கெனவே போட்டவற்றையும் வெட்டி மறுபடி ஏற்றினோம். அதற்குப் பிறகு சேனல் பிய்த்துக்கொண்டு போனது. பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களிலிருந்து டீச்சர்கள் எழுதினார்கள். 'உங்களைப் பார்த்து இன்று புத்தகத்தை மூடினேன்' என்று ஒருவர். 'இருபது வருஷம் வீணாக்கிவிட்டேனே என்று இருக்கிறது' என்று இன்னொருவர். அக்கா அறைக்குள் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பாள். தன் வீடியோவைத் தானே போட்டுப் போட்டுப் பார்ப்பாள். பஸ்ஸில் பார்ப்பாள், துணி மடிக்கும்போது பார்ப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு நல்ல விஷயம், நாளாக ஆக எனக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. வெட்ட வேண்டிய தட்டைகள் குறைந்தன. அக்கா கேமராவுக்குப் பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

எழுதுகிறவர்களில் 'கடைசி பெஞ்ச்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பாத புது டீச்சர். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் முதலில் வந்து நிற்பது அவள்தான். ஆரம்பத்தில் பத்தி பத்தியாக எழுதினாள். பிறகு ஒற்றை வரி. பிறகு வெறும் கைகூப்பும் படம். ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் போனுக்கே கூப்பிட்டுவிட்டாள்.

"நான் வேலையை விடப் போறேன் டீச்சர். திங்கக்கிழமை சொல்லிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்க வகுப்பை ஒரு தடவை நேர்ல பாக்கணும். வரலாமா?"

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என் பேச்சைக் கேட்டுப் புத்தகத்தை மூடினவடி அவ. அவ விட்டுட்டுப் போனா அது எம்மேலதான்" என்று சாயங்காலம் முழுக்க வீட்டைச் சுற்றி வந்தாள். எப்படியாவது அந்தப் பெண்ணை வேலையில் நிறுத்த வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே அவள் தவிப்பு நெஞ்சைத் தொட்டது. அடுத்த நிமிஷம், "நீயும் நல்ல கேமராவோட வந்துரு. ஒரு டீச்சர் மனசு மாறுறதைப் படம் எடுத்துப் போடுவோம்" என்றாள். இளகிய நெஞ்சு பழையபடி இறுகிவிட்டது.

சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். அந்தப் பெண் காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஒடிசலான உருவம், தோளில் பெரிய பை, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. வகுப்பில் எங்கே உட்காருகிறாய் என்று அக்கா கேட்டதும், சிரிக்காமல் போய்க் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஓரமாகக் கேமராவுடன் நின்றேன்.

அக்கா அன்று அருமையாக நடத்தினாள் என்றுதான் நினைத்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தூக்கிக் காட்டி, "வெளிப்பக்கம் ஏன் நனையுது? உள்ள இருந்து கசிஞ்சு வருதா?" என்று கேட்டாள். முன்வரிசையில் பட்டென்று ஒரு கை. பதில். "சபாஷ். அப்ப சுடு தண்ணி ஊத்தினா?" இன்னொரு கை. பதில். "சபாஷ்." வகுப்பு ரயில் மாதிரி ஓடியது. வெட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எப்படி?"

"வீடியோவில பாத்த மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "நான்கூட நேர்ல வேற மாதிரி இருக்கும்னு கொஞ்சம் நம்பிக்கையோட வந்தேன். இல்ல. நீங்க கேட்டதும் சொல்லிடுதுங்க. அப்ப தப்பு எங்கிட்டதான்." பிறகு பையை மாட்டிக்கொண்டே, "எம்பக்கத்துல இருந்த பொண்ணு மட்டும் எங்க வகுப்புப் பிள்ளை மாதிரி. ரெண்டு தடவை பேச வாயெடுத்தா. அதுக்குள்ள அடுத்த கேள்வி போயிருச்சு" என்றாள்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "வா வா, மனசு விட்டுப் பேசுவோம்" என்று அவளை என் அறைக்கு இழுத்து வந்தாள். கேமரா முன்னால் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தாள். வேலையின் அருமை, பிள்ளைகளின் அன்பு, ஆரம்பத்தில் எல்லோருக்கும் தடுமாற்றம் வரும். சின்ன அறை அது. ஜன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து ஜன்னலுக்குமாக நடந்து மூச்சு விடாமல் பேசினாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கல்யாண வீடியோக்களில் மேடையில் நிற்கும் களைத்த பெண்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், இன்னும் வேகமாகப் பேசினாள்.

"டீச்சர், போறதுக்கு முன்னாடி அந்தத் துணி காயுற வீடியோவை ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்களா? அதைப் பாத்துதான் நான் ஆரம்பிச்சேன்" என்றாள் அந்தப் பெண்.

வெட்டி முடித்த வீடியோ வேறொரு டிஸ்க்கில் கிடந்தது, இணையமும் அப்போது ஊர்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று கைக்கு அகப்பட்ட பழைய கோப்பைத் திறந்தேன். அலமாரி மேலிருந்து எடுத்தது, ஒரு இடமும் வெட்டாதது.

திரையில் சில வருஷம் இளைய அக்கா. "நிழல்ல போட்ட துணி எப்படிக் காயுது?"

பிறகு ஒன்றுமில்லை. சத்தமில்லை. பிள்ளைகள் குனிந்த தலையோடு இருக்கிறார்கள். திரையில் அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடிக்கிறாள். மூடியை மெதுவாகத் திருகி மூடுகிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள். எங்கோ ஒரு பெஞ்ச் கிறீச்சிடுகிறது.

"நின்னு போச்சா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்ல, ஓடிக்கிட்டுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தள்ளிவிடுடி. அங்க ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா.

"இருங்க" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துவிட்டாள். அவள் கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பிள்ளை இருமுகிறது. யாரோ சிரிக்க ஆரம்பித்து அடக்கிக்கொள்கிறார்கள். அக்கா இன்னும் பேசவில்லை. எங்கள் அறையில் நின்றிருந்த அக்காவால் தாங்க முடியவில்லை, விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கே கை ஊறியது. எவ்வளவோ நேரம் கழித்து, கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை இழுத்து இழுத்துக் கேட்டது. "அப்ப... ராத்திரியிலயும் காயுமா டீச்சர்?" உடனே வகுப்பு முழுக்கச் சலசலப்பு. திரையில் அக்காவின் முகம் மலர்கிறது.

"இந்த நடு இடம் எங்க போச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண். "வீடியோவில இது இல்லையே."

"அது..."

"வெட்டிட்டோம்" என்றாள் அக்கா. இந்த முறை என் வாக்கியத்தைச் சரியாகவே முடித்தாள்.

அந்தப் பெண் அக்கா பக்கம் திரும்பினாள். "இதே கேள்வியை நானும் கேட்டேன் டீச்சர். ஒருத்தரும் வாயைத் தொறக்கல. உங்க வகுப்புல உடனே சொல்றாங்களே, எங்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்குறாங்கன்னு எனக்கு வேர்த்துருச்சு. நானே பதிலைச் சொல்லிட்டேன். அன்னையிலேருந்து எந்தக் கேள்வி கேட்டாலும் நானேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். பிள்ளைங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

அக்கா உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு. அதைப் பார்த்து எனக்குத்தான் பயமாகிவிட்டது.

"இன்னைக்கு எடுத்ததைப் போடு" என்றாள்.

போட்டேன். மேடு, மேடு, மேடு. தட்டை என்று சொல்ல ஓர் இடம் இல்லை. "இதுல எங்க வெட்டணும்?" என்று கேட்டாள். எங்கேயும் வேண்டாம் என்றேன். "எப்பலேருந்து இப்படி?" பழையவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கினேன். முதலாவதில் தட்டைகள் அகலமாக இருந்தன. அடுத்தடுத்ததில் ஒடுங்கின. பிறகு நூல் மாதிரி ஆகி, பிறகு காணாமலே போயின. வேலை மிச்சம் என்று நான் குஷியாக இருந்த மாதங்கள் அவை.

"நான் என்னையே பாத்து காப்பி அடிச்சிருக்கேன்டி" என்றாள் அக்கா. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு ரெண்டு தடவை வாயெடுத்தான்னு சொன்னியே. நான் பாக்கவே இல்லம்மா. வேலையை விடாதேன்னு உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. ஒண்ணு மட்டும் செய். திங்கக்கிழமை அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேளு. கேட்டுட்டுத் தண்ணி குடி. மூடியை மெதுவா மூடு. நானும் இங்க குடிக்கிறேன்."

அந்தப் பெண் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்றே பழைய துணி வீடியோவை ஒரு நொடிகூட வெட்டாமல் போட்டோம். 'சவுண்ட் வரலை' என்று ஒருவர் எழுதினார். 'படம் நிக்குது, மறுபடியும் ஏத்துங்க' என்று இன்னொருவர். கோடு மலையிலிருந்து விழுந்த மாதிரி விழுந்தது. அக்கா அதை எடுக்கச் சொல்லவில்லை. சொல்ல வந்து, வந்து, திரும்பிப் போனாள். அதைவிட, திங்கட்கிழமை வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நின்றது அவளுக்குச் செத்துப் பிழைத்த மாதிரி இருந்ததாம். முன்வரிசைக் கைகளைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். கடைசி பெஞ்ச் சிறுமி வாயே திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. "பழக்கத்தைக் கெடுத்துட்டேன், அது சட்டுனு வருமா?" என்று என்னிடமே கேட்டு, என்னிடமே எரிந்து விழுந்தாள்.

புது டீச்சரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்கா போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனாள். கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே என்றேன். "கூடாது. அவளா சொல்லணும்" என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அந்த வாரம் அத்தான் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார்.

வார முடிவில் என் அறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. பெரிய திரையில் போட்டேன்.

எங்கோ ஒரு வகுப்பறை, கோணலாக வைத்த கேமரா. அந்தப் பெண் கேள்வியைக் கேட்கிறாள். பாட்டிலை எடுக்கிறாள். குடிக்கிறாள். காத்திருக்கிறாள். மறுபடியும் குடிக்கிறாள். அக்காவின் கை தானாக மவுஸை நோக்கிப் போனது. அதை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல், "டீச்சர், குடிச்சு முடிச்சிட்டீங்களா?" வகுப்பு சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள், நேரில் வந்தபோது அவள் சிரித்தே நாங்கள் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கும்போது இன்னொரு பிள்ளை எழுந்து நின்றது.

"அப்ப, துணியில இருக்குற தண்ணியை யாரு டீச்சர் குடிக்கிறா?"

அதோடு வீடியோ முடிந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'இன்னும் விடவில்லை. வேண்டுமானால் சேனலில் போடுங்கள். வெட்ட வேண்டாம்.'

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "போட்டா பாதிப் பேரு ஓடிடுவாங்க. மிச்சமிருக்குறவங்களும் சவுண்ட் வரலைன்னு திட்டுவாங்க. நீ என்னடி நினைக்கிற?"

கேட்டுவிட்டு நிறுத்தினாள். நான் வழக்கம்போல என் கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொண்டேன். அவள் உதடு அசைந்தது, கடித்துக்கொண்டாள். மேஜைக்கு அடியில் கால் தாளம் போட்டது. ஆனாலும் வாயைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் அவள் கேட்கும் முன்பே என்னிடம் தயாராக இருந்தது. இருந்தாலும் இத்தனை வருஷப் பாக்கி இருக்கிறதே என்று இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.